பார் லைனிலிருந்து ஒரு ஒயர்

சந்தியாகு வணிக வளாகத்தில் பன்னிரண்டு ஷட்டர்.
ஒன்பது துருவேறித் தரையோடு ஒட்டிவிட்டன.
பலகையில் ‘ணி’ விழுந்து நாலு வருஷம்.
தபால்காரர் மட்டும் அதைச் சேர்த்து வாசிக்கிறார்.

சங்கு விற்ற காசில் எழும்பியது.
மூத்தவன் தூத்துக்குடியில், இளையவன் தோஹாவில்,
கட்டடம் ராமநாதபுரம் கோர்ட்டில்.
உப்புக்காற்று மாடிப்படியின் கம்பியைத் தின்று
சிமெண்டைத் துப்புகிறது.

திறந்திருப்பது மூன்று.
பின்பக்கம் பார்.
முன்பக்கம் என் ஜெராக்ஸ்.
இடையில் மோட்டார் காயில் கட்டும் பிச்சைமணி,
அவருக்குத் தோன்றினால்.

கரண்ட் பில் யார் பங்கென்று
அண்ணன் தம்பி பேசி முடிப்பதற்குள்
வாரியத்து ஆள் ஃபியூஸைப் பிடுங்கிப் போனார்.
அன்றைக்கு ராத்திரியே
பாரில் டம்ளர் கழுவும் வழிவிட்டான்
அவர்கள் லைனிலிருந்து ஒரு ஒயர் இழுத்து
என் ஜன்னல் வழியாகப் போட்டான்.
“முதலாளிகிட்ட சொல்லிட்டேன் நெய்னாண்ணே.
மாசம் எரநூறு குடுங்க, போதும்.”

தடைக்காலம் வந்தது.
விசைப்படகெல்லாம் தோணித்துறையில் கட்டிக் கிடந்தன.
நிவாரணப் பணம் பேங்கில் ஏறிய அன்று
பாரில் சுண்டல் பதினோரு மணிக்கே தீர்ந்தது.
டியூஷன் பிள்ளைகள்
ரயில்வே கேட்டைச் சுற்றி வீட்டுக்குப் போயின.
என் கடை வாசலில் யாரோ வாந்தி எடுத்திருந்தார்கள்.
மண் அள்ளிப் போட்டேன்.
மறுநாளும் போட்டேன்.

பாசி எடுக்கப் போன பாக்கியசெல்விக்கு
தென்கடலில் கால் கிழிந்தது.
இருபது வருஷமாகப் பாறை தொடாத இடத்தை
குவார்ட்டர் பாட்டிலின் கழுத்து தொட்டது.
ஆறு தையல்.
ஏழாம் நாள் மனுவோடு வந்தாள்,
ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் கட்டு.

மேற்படி கட்டடத்தில் இயங்கும் மேற்படி பாரினால்
மேற்படி தெருவாசிகளாகிய நாங்கள்...
யார் எழுதிக் கொடுத்தார்களோ, எங்கும் மேற்படி.
அறுபத்தோரு கையெழுத்து, எட்டு கைநாட்டு.
பத்து காப்பி போட்டேன்.
மெஷினின் வெளிச்சம் ஒவ்வொரு பேர் மேலும் நகர்ந்தது,
பார் கரண்டில்.

“உங்க கையெழுத்துண்ணே?”
பேனாவில் மை இல்லை என்றேன்,
டஜன் பேனா தொங்கும் கடையில் நின்றுகொண்டு.
அவள் பேனாக்களைப் பார்த்தாள்.
காசை எண்ணி வைத்துவிட்டு
நொண்டி நொண்டிப் படியிறங்கினாள்.

சாயங்காலம் வழிவிட்டான் வந்தான்.
காண்ட்ராக்டரின் மனு.
பதினொரு குடும்பம் இதனால் பிழைக்கிறது என்று டைப் அடித்தது.
“அஞ்சு காப்பி.”
நான் பேப்பர் கட்டைப் பிரிப்பதற்குள்
அவனே மூடியைத் தூக்கினான்.

கண்ணாடியில் குப்புறக் கிடந்தது ஒரு தாள்.
அவள் எடுக்க மறந்த அசல்.

எடுத்துத் திருப்பினான்.
அவனுக்குப் படிக்க வராது.
ஒரே ஒரு கையெழுத்து தெரியும்,
ரேஷன் கடையிலும், மகளின் ரேங்க் கார்டிலும்
பக்கத்தில் நின்று பார்த்தது.
நாற்பத்தேழாவது:
குருவம்மாள். கோணலாக, அழுத்தி,
‘ள்’ கோட்டைத் தாண்டி.

ரொம்ப நேரமில்லை.
மெஷின் சூடாகி பச்சை விளக்கு வரும் நேரம்தான்.

“இது அந்தக்காவோடது. விட்டுட்டுப் போயிருக்கு.”
மடிக்காமல் என்னிடம் நீட்டினான்.
தன் தாளைக் குப்புற வைத்து
மூடியை மெதுவாக அழுத்தினான்.

திங்கட்கிழமை இரண்டு மனுவும்
ஒரே பஸ்ஸில்தான் கலெக்டர் ஆபீஸ் போனதாம்.
பாக்கியசெல்விக்கு உட்கார இடம் கொடுத்தது
காண்ட்ராக்டரின் கணக்குப்பிள்ளையாம்.
சொன்னார்கள்.

சனிக்கிழமை சீல் வைத்தார்கள்.
இரண்டு போலீஸ், ஒரு மெழுகுவத்தி, நிறையச் செல்போன்.
யாரோ வெடி போட்டார்கள். ஒரே சரம்.
உச்சிப்புளிப் பக்கம் போகும் ஷேர் ஆட்டோவில்
அன்றிரவு கூட்டம்.

ஆனால் என் மெஷின் நின்றது வியாழக்கிழமை.
ஒரு ஆதார் கார்டு பாதி வந்து நின்றது,
நெற்றியும் கண்ணும் மட்டும்.

ஒயரைப் பிடித்துக்கொண்டே பின்பக்கம் போனேன்.
பார் திறந்துதான் இருந்தது, ஃபேன் ஓடியது.
வழிவிட்டான் இல்லை.
சுவரோரம் ஒயர் முடிந்த இடத்தில்
நுனியில் கறுப்பு டேப்,
மூன்று சுற்று, நெருக்கமாக,
பிள்ளைகள் கை பட்டாலும்
ஒன்றும் ஆகாதபடி.